புள்ளி வைக்கும் முன் எண்ணுங்கள்
வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் லூயிஸ் படம் வரையும்போது, இரட்டைப் பிணைப்பு (இரு அணுக்கள் இரண்டு ஜோடி எலக்ட்ரான்களைப் பகிர்வது) என்றதும் எடுத்த எடுப்பிலேயே நான்கு புள்ளிகளைப் போட்டுவிடாதீர்கள். கார்பன் டைஆக்சைடையே எடுத்துக்கொள்வோம். கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள், இரண்டு ஆக்சிஜனுக்கும் சேர்த்து 12, ஆக மொத்தம் 16 புள்ளிகள். பென்சிலில் போடுங்கள், அழிக்க வேண்டியிருக்கும். நடுவில் கார்பன், இருபுறமும் ஒவ்வொரு ஜோடி. மீதி 12ஐ ஆக்சிஜன்களைச் சுற்றி ஆறாறாக வையுங்கள். இங்கே ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் எட்டுப் புள்ளிகள் வேண்டும்; நடுவிலுள்ள ஜோடி இரண்டு அணுவுக்கும் கணக்கு. ஆக்சிஜனுக்கு எட்டு ஆகிவிட்டது, கார்பனிடம் நாலுதான்.

சரி, இங்கேதான் பலர் புதிதாகப் புள்ளி சேர்த்துத் தவறுகிறார்கள். சேர்க்கவே கூடாது. ஒவ்வொரு ஆக்சிஜனிலும் ஒரு தனித்த ஜோடியை (பிணைப்பில் சேராத ஜோடியை) அழித்து, அதையே கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே வையுங்கள். இரட்டைப் பிணைப்பு தானாக வந்துவிடும். அப்புறம் மறுபடி எண்ணுங்கள்; 18 வந்தால் ஒரு ஜோடியை அழிக்க மறந்திருக்கிறீர்கள்.