படத்தை வைத்தே லெகோ மாடலின் அளவைச் சொல்லலாம்

ரசிகர்கள் கட்டிய கோயிலோ மினிபஸ் டாக்சியோ, படத்தில் ஓர் ஓரத்தின் குமிழ்களை (கட்டையின் மேலே துருத்தி நிற்கும் வட்டப் புடைப்புகளை) எண்ணி 8-ஆல் பெருக்குங்கள். மில்லிமீட்டரில் நீளம் கிடைக்கும். உயரத்துக்கு, கட்டை வரிசைக்கு 9.6, மெல்லிய பிளேட் வரிசைக்கு 3.2 என்று கூட்டுங்கள்.

வழக்கமான எந்த லெகோ கட்டைக்கும் இதே அளவுதான்; டூப்ளோ போன்ற பெரிய கட்டைகளுக்கு இது பொருந்தாது. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை உயரம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம் கணேசர் கோயிலை 32 குமிழ் அகலத் தட்டில், 30 வரிசை உயரத்தில் கட்டினால் 25.6 செ.மீ. அகலம், 28.8 செ.மீ. உயரம். டர்பனுக்குக் கட்டைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ரேண்டைச் செலவழிக்கும் முன்பே அலமாரியில் இடம் போதுமா என்று தெரிந்துவிடும். கோபுரத்தில் நிலைக்கு நிலை எண்ணுங்கள், தவறாது.

வழவழப்பான டைல் பதித்த இடத்தில் குமிழ் தெரியாது. அதற்குக் கீழே உள்ள கட்டைகளின் இணைப்புக் கோடுகளைப் பாருங்கள். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்த சுவரில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது: அங்கே 5 பிளேட் தடிமன் 2 குமிழ் அகலத்துக்குச் சமம். வண்டிகளில் ரப்பர் டயருக்கும் இது பொருந்தாது.