முழங்கால் ஆர்த்ராஸ்கோபி (சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் மூட்டு ஆபரேஷன்) முடிந்து அன்றே வீடு வந்தால்

சாயங்காலம் வலியே இல்லையே என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். அது மரத்துப்போகப் போட்ட ஊசியின் வேலை. நரம்பு பிளாக் (காலுக்குப் போகும் நரம்பருகே போடும் மரத்துப்போகும் ஊசி) என்றால் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் விட்டுவிடும், அதுவும் நடுராத்திரியில் விட்டால் துடித்துப்போவீர்கள், அதனால் கால் லேசாகக் குறுகுறுக்கும்போதே ஏதாவது சாப்பிட்டுவிட்டு, டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எவ்வளவு பாராசிட்டமால் போகிறது என்ற கணக்கு முக்கியம், சளி மாத்திரையிலும் அது இருக்கலாம், அளவு மீறிவிடக் கூடாது.

ஐஸைத் துண்டில் சுற்றி 15, 20 நிமிடம். தலையணையை முட்டிக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், மடங்கியே கிடந்தால் அப்புறம் நீட்டுவது பெரும்பாடு; குதிகால் வரை தாங்கி, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பாதத்தை அடிக்கடி மேலும் கீழும் அசையுங்கள். தைலம், உருவி விடுவது வேண்டவே வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.