ஆரஞ்சுச் சட்டை நாளுக்கு முன்: கனடியப் பூர்வகுடிகளின் படப்புத்தகங்களைத் தேர்ந்தெடுத்து வாசிப்பது எப்படி?

செப்டம்பர் 30 நெருங்கினால் இங்கே கனடாவில் பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டை கேட்பார்கள். குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் நாள் அது. சட்டை கடையில் கிடைத்துவிடும். "ஏன் அம்மா இதைப் போடுறோம்?" என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைக்காது. எங்கள் வீட்டில் கைகொடுத்தவை படப்புத்தகங்கள். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தும். நூலக அட்டை எடுப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஆகஸ்டிலேயே முன்பதிவு செய்யுங்கள்

ரொறன்ரோ பொது நூலகத்தின் 'ரீட் இண்டிஜினஸ்' பட்டியலில் சிறுவர் பகுதியைப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் முன்பதிவு போட்டால் புத்தகம் கைக்கு வரத் தீபாவளி ஆகிவிடும்.

படி 2: அட்டையை நம்பாதீர்கள்

நேரம் எடுக்க வேண்டிய இடம் இதுதான். கழுகும் ஓநாயும் போட்ட அட்டை அழகாகத்தான் இருக்கும். எழுதியவர், வரைந்தவர் பற்றிய குறிப்பைத் தேடிப் படியுங்கள். க்ரீ, அனிஷினாபே, ஹைடா, இன்யூட் என்று அவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்பது அதில் இருக்க வேண்டும். முதற்குடிகள் (First Nations) எனப்படும் சமூகங்கள் மட்டுமே 600க்கு மேல். வடதுருவப் பகுதி இன்யூட்டும், பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு மரபில் வந்த மெட்டியும் தனி. 'பழைய பூர்வகுடிக் கதை' என்று மொட்டையாகப் போட்டு, யாருடைய கதை, யாரிடம் கேட்டது என்று சொல்லாத புத்தகத்தை நான் தொடுவதில்லை.

அப்புறம் படங்கள். தோல் கூடாரம் சமவெளி மக்களுடையது. செதுக்கிய உயரமான மரக்கம்பம் பசிபிக் கரையோர மக்களுடையது. பழைய கதை என்று சொல்லிக்கொண்டு இரண்டையும் ஒரே ஊரில் நிறுத்தியிருந்தால், வரைந்தவர் விசாரிக்கவில்லை என்று அர்த்தம். ஜீன்ஸ் போட்ட அப்பா, சமையலறையில் நிற்கும் பாட்டி என்று இன்றைய குடும்பம் வரும் புத்தகம் ஒன்றாவது நீங்கள் எடுப்பவற்றில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இவர்கள் எப்போதோ வாழ்ந்து மறைந்தவர்கள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

படி 3: காட்டிலிருந்து தொடங்குங்கள், பள்ளியிலிருந்து அல்ல

என் முதல் தேர்வு ஜூலி ஃப்ளெட்டின் 'வைல்ட் பெர்ரீஸ்' (2013). ஒரு சிறுவனும் பாட்டியும் காட்டுப் பழம் பறிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. க்ரீ சொற்கள் இடையிடையே வரும். உச்சரிப்புக் குறிப்பு கடைசியில் இருக்கிறது. வாசிக்க உட்காருவதற்கு முன் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இது பழகியபின் 'வென் வி வேர் அலோன்' (2016). டேவிட் ஏ. ராபர்ட்சன் எழுத, ஃப்ளெட்டே வரைந்தது. பாட்டி ஏன் இத்தனை வண்ணத்தில் உடுத்துகிறாள், ஏன் நீளமாக முடி வளர்க்கிறாள் என்று பேத்தி கேட்கிறாள். உறைவிடப் பள்ளியில் முடியை வெட்டினார்கள். பிள்ளைகள் தனியாக இருக்கும்போது நீளமான புல்லை முடியோடு சேர்த்துப் பின்னிக்கொண்டார்களாம். அந்தப் பக்கத்தில் நிறுத்துங்கள். விளக்கம் வேண்டாம், பிள்ளை கேட்கட்டும். "இது நிஜமா?" என்று கேட்டால் "நிஜம்" என்றே சொல்லுங்கள். 1990களின் பிற்பகுதி வரை இப்படிப்பட்ட பள்ளிகள் இருந்தன.

யூடியூப் வாசிப்புக் காணொளிகள் எனக்குப் பிடிக்காது. பிள்ளை படத்தில் விரல் வைப்பதற்குள் பக்கம் புரண்டுவிடும். காகிதத்தில் இறகுக் கிரீடம் செய்யும் கைவேலையும் வேண்டாம்; அது விளையாட்டுப் பொருள் அல்ல.

பிற்சேர்க்கை: ஏழு பாட்டன்மார் போதனைகள் பற்றிய புத்தகத்தை எல்லாப் பூர்வகுடிகளுக்கும் பொதுவாகச் சொல்லலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அன்பு, மரியாதை, துணிவு, நேர்மை, பணிவு, உண்மை, ஞானம் என்று போகும் அந்த வரிசை அனிஷினாபே மரபு, பெயரோடே சொல்லுங்கள். அவர்களுடைய சில மரபுக் கதைகள் பனிக்காலத்தில் மட்டுமே சொல்லப்படுபவை. புத்தகத்தில் அப்படிக் குறிப்பு இருந்தால் டிசம்பர் வரை எடுத்து வையுங்கள்.

இன்னொருவர் எங்கே வாங்குவது என்று கேட்டார். ஒன்ராறியோவில் பிராண்ட்ஃபோர்ட் பக்கம் முதற்குடிக் குடும்பம் ஒன்று நடத்தும் 'குட்மைண்ட்ஸ்' இணையக் கடையில் முதலில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் மற்றக் கடைகள்.