புரோஸ்டேட் வீக்கம்: புது நாட்டில் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன்

புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கி மருந்து சாப்பிடுபவருக்குப் புது நாட்டில் வந்து இறங்கியதும் முதல் வேலை, இப்போது சாப்பிடும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது. பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை வைத்துப் புது மருத்துவரால் பெரும்பாலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் அவருக்கு வேண்டும்: ‘டாம்சுலோசின் 0.4 மி.கி.’ என்றோ, அதோடு ‘டூட்டாஸ்டெரைடு 0.5 மி.கி.’ என்றோ இருக்கும். இரண்டும் கலந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள்கூட ‘ஒண்ணே ஒண்ணுதான் போடுறேன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். டூட்டாஸ்டெரைடும் ஃபினாஸ்டெரைடும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ரத்தத்தில் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் சுரக்கும் புரதம், புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று பார்க்க அளப்பது) அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். பரிசோதனையில் 3 என்று வந்தால் அதை 6 என்று எடுத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும். மருந்து விவரம் தெரியாத மருத்துவர் ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார். புற்றுநோய்க்கான முதல் அறிகுறி அதில் தப்பிப் போகலாம். முடி உதிர்வதற்காகப் போடும் 1 மி.கி. ஃபினாஸ்டெரைடும் இதையே செய்யும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அட்டையோடு சேர்த்து எடுத்து வைக்க வேண்டியவை: பழைய பிஎஸ்ஏ முடிவுகள் எல்லாம் தேதியோடு, கடைசி ஸ்கேன் அறிக்கை, கிரியாட்டினின் அளவு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), ரத்தம் உறையாமல் இருக்கவும் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். பல நாடுகளில் குடும்ப மருத்துவர் கடிதம் கொடுத்தால்தான் சிறுநீரக அறுவை நிபுணரைப் பார்க்க முடியும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். கையிருப்பு மாத்திரை தீரும் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோருக்குப் பயணக் காப்பீடு மட்டும் இருந்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அது பணம் தருமா என்று பாலிசியைப் படித்துப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் தராது.

காத்திருக்கும்போது வரும் ஆபத்து

குளிர் நாட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே சளி பிடிக்கும். கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் மாத்திரையை வாங்கிப் போடுவோம். அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் சிறுநீர்ப்பையின் வாய் இறுகும். குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை இருந்தால் பை சுருங்கும் பலம் குறையும். புரோஸ்டேட் வீங்கியவருக்கு இந்த இரண்டில் ஒன்று போதும், சிறுநீர் அடியோடு நின்றுபோக. நீண்ட விமானப் பயணத்தில் மணிக்கணக்கில் அடக்கி வைப்பதும், மதுவும், மலச்சிக்கலும்கூட இதைத் தூண்டிவிடும்.

முட்டிக்கொண்டு வருகிறது, வலிக்கிறது, ஆனால் சொட்டுகூட இறங்கவில்லை என்றால் காலைவரை பொறுக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள். டியூப் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவார்கள். டாம்சுலோசின் போன்ற மருந்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் டியூபை எடுத்துப் பார்ப்பது வழக்கம். காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலும், சிறுநீரில் ரத்தக்கட்டி வந்தாலும் உடனே போக வேண்டும்.

எவ்வளவு தொல்லை என்று அளப்பது

சிகிச்சையைத் தீர்மானிப்பது வயதல்ல, சுரப்பியின் அளவு மட்டும்கூட அல்ல. 30 மி.லி. சுரப்பியோடு படாதபாடு படுபவரும் உண்டு, 90 மி.லி. இருந்தும் நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு. அதனால்தான் மருத்துவர் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுப்பார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20உம் அதற்கு மேலும் கடுமை. கடைசியில் தனியாக ஒரு கேள்வி வரும்: இப்படியே காலம் தள்ள வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? நம்மவர்கள் ‘பரவாயில்லை’ என்று எழுதிவிட்டு வீட்டில் புலம்புவார்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள் என்பதால் உள்ளதை எழுதுங்கள்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாள் கணக்கு ஒன்றும் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், எவ்வளவு (அளவு குறித்த குவளையில் பிடித்து), என்ன குடித்தீர்கள். ஒரு நாளில் கழியும் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால், தூக்கம் கெடுவதற்குப் புரோஸ்டேட் மட்டுமே காரணமாக இருக்காது. கால் வீக்கம், குறட்டையோடு மூச்சு நிற்பது, சர்க்கரை, மாலையில் போடும் நீர் மாத்திரை என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும். அதைப் பார்க்காமல் அறுவை செய்துகொண்டவர், செய்த பிறகும் இரவில் அதே நான்கு தடவை எழுந்திருப்பார்.

சிறுநீர் வேகத்தை அளக்கும் கருவியில் போகும்போது 150 மி.லி.யாவது போனால்தான் முடிவை நம்பலாம். வெறும் பையோடு போகாதீர்கள். நொடிக்கு 10 மி.லி.க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பையே பலவீனமாக இருந்தாலும் இதே எண்தான் வரும். நெடுநாள் சர்க்கரை நோயாளிகள் இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மாத்திரைகள்

தொல்லை லேசாக இருந்தால் மாத்திரையே வேண்டாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தண்ணீரை நிறுத்துவது, மாலைக்குப் பிறகு காபி, டீ, மதுவைத் தவிர்ப்பது, போய் முடித்தபின் சற்று நின்று மறுபடி முயல்வது, இவையே பலருக்குப் போதும்.

டாம்சுலோசின், சிலோடோசின், அல்ஃபூசோசின் வகை தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே பலன் தெரியும், சுரப்பி சுருங்காது. எழுந்ததும் தலைசுற்றலாம். விந்து வெளிவராமல் போகலாம், சிலோடோசினில் இது அதிகம். கண்புரை அறுவை செய்யப்போகிறவர், எப்போதோ நிறுத்தியிருந்தாலும், இந்த மருந்தைச் சாப்பிட்டதைக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அறுவையின்போது ஐரிஸ் (கண்ணின் நிறமுள்ள வளையம்) தொளதொளவென்று ஆகிவிடலாம்.

ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு சுரப்பியையே சுருக்கும், ஆனால் ஆறு மாதமாவது ஆகும். ஒரு மாதத்தில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துவது வீண். சுரப்பி பெரிதாக, சுமார் 40 மி.லி.க்கு மேல் இருப்பவர்களுக்கே இதனால் நல்ல பயன். ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, மார்பு வீங்குவது சிலருக்கு வரும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையையோ ஒழுகும் கேப்ஸ்யூலையோ தொடக்கூடாது. தினமும் 5 மி.கி. தடாலஃபில் இன்னொரு வழி. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது. சா பால்மெட்டோ என்று புட்டியில் விற்கும் மூலிகைக்குக் காசைக் கொட்ட வேண்டாம்: 2006இலும் 2011இலும் வெளியான பெரிய ஆய்வுகளில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை.

அறுவை என்று வந்தால்

சிலருக்குத் தேர்வே கிடையாது: மறுபடி மறுபடி சிறுநீர் நின்றுபோவது, அடைப்பால் சிறுநீரகம் பழுதாவது, பையில் கல், திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று, மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு. மற்றவர்களுக்கு எதைப் பெறலாம், எதை இழக்கத் தயார் என்ற கணக்குத்தான்.

டியூஆர்பி, வயிற்றைக் கிழிக்காமல் உள்வழியாகச் சுரண்டி எடுப்பது. சுமார் 30 முதல் 80 மி.லி. வரையுள்ள சுரப்பிக்குப் பழகிய வழி. அதற்கு மேல் பெரிதானால் ஹோல்மியம் லேசரால் குடைந்தெடுக்கும் ஹோலெப் நல்லது; எல்லா அளவுக்கும் ஏற்றது, ஆனால் கைதேர்ந்தவர் செய்ய வேண்டும். ‘வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?’ என்று கேட்பதில் தவறில்லை. ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு லேசர் முறைகளில் ரத்தப்போக்கு குறைவு. இவை அடைப்பை நன்றாகத் திறக்கும். அதற்குக் கொடுக்கும் விலை இதுதான்: பெரும்பாலோருக்கு விந்து முன்பக்கம் வராமல் பைக்குள் போய்விடும். அது உடலுக்குக் கெடுதல் இல்லை. குழந்தை வேண்டுபவருக்கு மட்டும் பெரிய விஷயம்.

விந்து முன்பக்கம் வருவதைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு யூரோலிஃப்டும் (சுரப்பியைக் கொக்கிகளால் விலக்கிக் கட்டுவது) நீராவி செலுத்தும் ரெசூமும் உண்டு. பலன் டியூஆர்பி அளவுக்கு இராது. சில வருடங்களில் மறுபடி சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பும் கூடுதல். ரெசூமுக்குப் பிறகு சில நாள் டியூபோடு இருக்க வேண்டும், முன்னேற்றம் வாரக்கணக்கில்தான் தெரியும்.

இந்தப் பேச்சுக்கு மகளையோ மருமகனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பா அவர்கள் முன்னால் விந்து பற்றி வாய் திறக்கமாட்டார். அவர்களும் அந்த வரியை விழுங்கிவிடுவார்கள். நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல மருத்துவமனைகளில் தொலைபேசி வழியாக இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள்.

டியூஆர்பி முடிந்து டியூபை எடுத்தபின் சில வாரம் எரிச்சலும் அவசரமும் இருக்கும். நான்கு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது, முக்கக்கூடாது. இரண்டாவது வாரத்தில் உள்ளே பொருக்கு உதிரும்போது திடீரென்று சிவப்பாகப் போகலாம். தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், கட்டிகட்டியாக வந்து அடைத்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடுத்த சதையைப் பரிசோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுரப்பியின் வெளி ஓடு உள்ளேயேதான் இருக்கிறது, அதில் புற்றுநோய் வர வழியுண்டு. பிஎஸ்ஏ பரிசோதனையைத் தொடர்வது பற்றியும் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.