இங்கிலாந்துக் கிராமத்தில் குடியேறுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஜூலை மாதம் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போனால் யாருக்கும் ஆசை வரும். தேன் நிறக் கல்வீடுகள், வாசலில் ரோஜா, பக்கத்திலேயே ஓடை. முதல் தவறு அங்கேதான் நடக்கிறது: கோடையில் பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்வது. அதே தெருவை டிசம்பரிலும் ஒருமுறை பாருங்கள். சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பல கிராமங்களில் தெருவிளக்கு கிடையாது. பஸ் நாளைக்கு இரண்டோ மூன்றோ வந்தால் பெரிது, ஞாயிற்றுக்கிழமை அதுவும் இருக்காது. கார் ஓட்டத் தெரியாதவர் அங்கே குடியேறுவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். நிறைய கிராமங்களுக்கு கேஸ் குழாய் வரவில்லை. தோட்டத்து மூலையில் ஒரு பெரிய டேங்க் நிற்கும், அதில் இருப்பது மண்ணெண்ணெய்தான். அதை எரித்துத்தான் வீடு சூடாகிறது, குளிக்க வெந்நீர் வருகிறது. லாரியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள். எனது முதல் குளிர்காலத்தில் டேங்கில் அளவு காட்டும் முள் கால்வாசியிலேயே நின்றது. இன்னும் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். முள் சிக்கிக்கொண்டிருந்தது என்பது பாய்லர் நின்ற பிறகுதான் தெரிந்தது. டேங்க் ஒருமுறை வறண்டால் எண்ணெய் ஊற்றினால் மட்டும் போதாது. குழாயில் காற்று புகுந்துவிடும், அதை வெளியேற்ற மெக்கானிக் வர வேண்டும், அதற்குத் தனிக் காசு. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு மூங்கில் குச்சியோடு வந்தார். டேங்கில் விட்டு எடுத்து, நுனி மட்டும் நனைந்திருப்பதைக் காட்டிவிட்டு, குச்சியை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்கும் அந்தக் குச்சியைத்தான் நம்புகிறேன். இன்னொன்று, ஊரே சேர்ந்து மொத்தமாக ஆர்டர் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. விலை குறையும், விசாரியுங்கள்.

கழிவுநீரும் அப்படித்தான். பொதுச் சாக்கடை இல்லாத வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கும். ஈரத் துடைப்பான்களையும், வடை பொரித்த எண்ணெயையும் அதற்குள் அனுப்பாதீர்கள்.

வீடு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பழைய வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முதலில் உள்ளாட்சிக் கவுன்சிலின் அனுமதி வேண்டும். குளிருகிறதே என்று மர ஜன்னலைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டினால் அது கிரிமினல் குற்றம். இதில் ஒரு கொடுமை உண்டு: முன்னால் இருந்தவர் அனுமதியில்லாமல் மாற்றியிருந்தாலும், சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்கே வரும். எத்தனை வருடம் கழித்தும் அது வரலாம். வக்கீலிடம் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வயல்வெளியில் நடக்கும்போது நல்லெண்ணத்தால் வரும் தவறு ஒன்று. மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதையில் யாரும் நடக்கலாம், அது தனியார் வயலுக்குள் போனாலும் சரி. வழியில் கேட் திறந்திருந்தால், ஆடு ஓடிவிடுமே என்று மூடிவிடத் தோன்றும். மூடாதீர்கள். மந்தை தண்ணீர் குடிக்கப் போய்வர விவசாயியே திறந்து வைத்திருக்கலாம். மூடியிருந்த கேட்டைத் திறந்து போனால் மறுபடி மூடுங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். நாய் கூட இருந்தால் ஆடுகளுக்குப் பக்கத்தில் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கன்றோடு நிற்கும் மாடு துரத்தினால் கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும். மாட்டின் கோபம் நாயின் மேல்தான். நாய் ஓடித் தப்பித்துவிடும், உங்களால் முடியாது.

சர்ச் மணி, சேவல் சத்தம், எரு நாற்றம் பற்றி வந்த முதல் மாதமே புகார் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல!

கடைசியாக, சாலை. இரண்டு பக்கமும் புதர்வேலி, நடுவில் ஒரே ஒரு கார் போகும் அகலம். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை மணிக்கு 60 மைல் வேகம் வரை போகலாம் என்கிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் ட்ராக்டர் நிற்பதை அது சொல்லாது. குதிரையில் வருகிறவரைத் தாண்டும்போது 10 மைல் வேகத்துக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் இடம் விட வேண்டும். எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுப்பதுதான் வழக்கம். ரிவர்ஸ் வராதவர்கள் முதலில் அதைப் பழகிக்கொள்ளுங்கள். வழி விட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்கிக் காட்டுங்கள். காட்டாமல் போனால், நீங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் அந்தச் சங்கதி ஊரார் கூடும் மதுக்கடையான பப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.