மகள் படிப்புக்கு வாரக் கடனா? குழுப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோ ஃபைனான்ஸ், அதாவது குழுவாகச் சேரும் பெண்களுக்குப் பிணையில்லாமல் தரும் சிறுகடன்; அதன் விண்ணப்பத்தில் கடன் எதற்கு என்ற இடத்தில் கறவை மாடு என்று எழுதியிருக்கும். பணம் போவதோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு. நம் ஊர்களில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன், நோக்கம் நல்லது என்பதால் யாருமே இதைத் தவறாக நினைப்பதில்லை. மாடு வாங்கியிருந்தால் பால் பணத்தில் தவணை கட்டலாம். பி.எஸ்சி. சேர்ந்த மகளால் மூன்று ஆண்டுக்கு வீட்டுக்கு ஒரு ரூபாய் வராது. தவணை மட்டும் உடனே தொடங்கிவிடும். அதைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன், அதற்கும் மேல் தண்டல். கடைசியில், யாருக்காகக் கடன் வாங்கினார்களோ அவளையே படிப்பை நிறுத்தி மில் வேலைக்கு அனுப்பும் நிலை வருகிறது.

படிப்புக்கு ஏற்றது வங்கியின் கல்விக் கடன். 4 லட்சம் ரூபாய் வரை நம் பங்காக முன்பணம் கட்ட வேண்டியதில்லை; 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டியதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. அலைய வைப்பார்கள், உண்மைதான். வித்யா லட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் பதிவு இருக்கும். வாய்ச்சொல்லாக மறுத்துவிட முடியாது. கட்டணம் கட்டும் கடைசி வாரத்தில் போகாமல், பிளஸ் டூ மதிப்பெண் வந்ததுமே தொடங்குங்கள்.

கடனே தேவைப்படாத இடத்திலும் கடன் வாங்குகிறோம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வருகிறது. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இது தெரியாமல், நன்றாகப் படிக்கிற பெண்ணைக் கடன் வாங்கி பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றுபவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள். பள்ளியை மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது வட்டி. '12 சதவீதம்தான்' என்றால் எந்த முறையில் என்று கேளுங்கள். 12,000 ரூபாய் வாங்கி 12 மாதத்தில் கட்டுகிறீர்கள். முழுத் தொகைக்கும் வட்டி போட்டால் 1,440 ரூபாய். ஆனால் மாதம் 1,000 அசல் கழிவதால், ஆண்டு முழுவதும் சராசரியாக உங்கள் கையில் இருந்தது 6,500 ரூபாய்தான். அப்படிப் பார்த்தால் வட்டி 22 சதவீதம்! காப்பீடு, செயலாக்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்பதைக் கடன் கொடுப்பவர் எழுதித் தர வேண்டும். கடன் விவரங்கள் எல்லாம் எழுதிய கடன் அட்டையையும் உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்காக உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்கவே வேண்டாம். அவர் கட்டாமல் விட்டால், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைக்கும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தில் பதிவாவது உங்கள் பெயர். நாளை மகளின் கல்விக் கடனுக்கு இணைக் கடன்தாரராக நிற்கும்போது வங்கி அதைத்தான் பார்க்கும்.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு: ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் அளவுக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் கொடுக்கக் கூடாது. ஆனால் அது நீங்கள் சொல்லும் வருமானத்தையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. கடன் கிடைக்க வேண்டுமென்று கூட்டிச் சொன்னால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றி வைக்கிறீர்கள். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது, தகாத வார்த்தை பேசக் கூடாது. மீறினால் புகார் செய்வதற்கான விவரம் கடன் அட்டையிலேயே இருக்க வேண்டும். வசூலுக்கு வந்தவர் பெயர், வந்த நேரம் இரண்டையும் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள்.