சிவனொளிபாத மலையை முன்வைத்துப் புனிதத் தலங்களை ஆராயும் முறை

ஒரு புனிதத் தலத்தைப் பற்றி எழுத முற்படுவோரில் பலர், அத்தலத்தின் வாசலில் விற்கும் தலவரலாற்றுச் சிறுநூலிலோ இணையத்தில் முதலில் கிடைக்கும் கட்டுரையிலோ தொடங்கி, அதிலுள்ள செய்திகளை அப்படியே எடுத்தாண்டு, சில புகைப்படங்களுடன் முடித்துவிடுகிறார்கள். தலவரலாறு மதிப்பற்றது என்பது என் கருத்தன்று. அடியார்கள் எதை நம்பி அங்கு வருகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் அது எழுதப்பட்ட காலத்தின் நம்பிக்கைக்குச் சான்றாகுமே தவிர, அது விவரிக்கும் காலத்துக்குச் சான்றாகாது. ஆகவே எந்தத் தலத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே என்ன நம்பப்படுகிறது, அந்த நம்பிக்கை எந்த ஆண்டு முதல் எவர் எழுத்தில் பதிவாகியிருக்கிறது, அந்த இடம் காலந்தோறும் எவருடைய நிர்வாகத்தில் இருந்துவந்தது ஆகிய மூன்று கேள்விகளையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே குறித்துக்கொண்டு போவதே இக்கட்டுரை பரிந்துரைக்கும் வழி.

இதைச் செய்து பழகுவதற்கு இலங்கையின் சிவனொளிபாத மலையைப் போல் பொருத்தமான இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2,243 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் பாறையில் காணப்படும் பாதச்சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையது என்றும், சைவர்கள் சிவபெருமானுடையது என்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்றும் போற்றுகிறார்கள். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அதைப் புனித தோமையாருடன் இணைத்துப் பேசிய கிறித்தவர்களும் உண்டு. ஒரே பாறைக்கு நான்கு உரிமைக் கூற்றுகள் இருப்பதால், ஒரு தரப்பின் நூல்களை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடும் வசதி இங்கு ஆய்வாளருக்கு இல்லை.

முதல் வேலை, அந்த இடம் எந்தெந்தப் பெயர்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாரிப்பதாகும். சிவனொளிபாத மலை என்ற பெயரை மட்டும் கொண்டு தேடினால் சைவ நூல்களும் அண்மைக்காலச் செய்திகளும் மட்டுமே கிடைக்கும். சிங்களத்தில் ஸ்ரீபாத, சமனல கந்த என்றும், பாளி நூல்களில் சுமனகூடம், சமந்தகூடம் என்றும், பழைய அரபு நூல்களில் சரந்தீபின், அதாவது இலங்கையின், ரஹூன் மலை என்றும், ஐரோப்பியர் எழுத்துகளில் ஆதாம் சிகரம் என்றும், தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் பாவா ஆதம் மலை என்றும் அது வரும். ஒவ்வொரு பெயரையும் அந்தந்த மொழியின் எழுத்திலும், ரோமன் எழுத்தில் வழங்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களிலும் தேட வேண்டும். ஈழத்துத் தமிழ் நூல்களுக்கும் மலர்களுக்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகமும், பழைய பயணநூல்களின் மொழிபெயர்ப்புகளுக்கு இணைய ஆவணக் காப்பகமும் பெரிதும் உதவும்.

அடுத்ததே இப்பணியின் உயிர்நாடி. கிடைத்த குறிப்புகளை மதவாரியாக அடுக்காமல், எழுதப்பட்ட ஆண்டின் வரிசையில் அடுக்க வேண்டும். சிவனொளிபாத மலைக்கு அவ்வாறு அடுக்கும்போது, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் தங்கியிருந்த சீனப் பிக்கு பாகியான், புத்தர் ஒரு பாதத்தைத் தலைநகருக்கு வடக்கேயும் மற்றொன்றை ஒரு மலையுச்சியிலும் பதித்ததாகக் குறிப்பிடுவது முன்வரிசையில் வந்து நிற்கும். அதையொட்டிய காலத்தில் தொகுக்கப்பட்ட மகாவம்சம், புத்தர் தம் மூன்றாம் வருகையில் சுமனகூடத்தில் பாதம் பதித்தார் என்கிறது. 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு வணிகர்களின் பயணக் குறிப்பில் ரஹூன் மலையில் ஆதமின் பாதச்சுவடு இருக்கிறது. அது எழுபது முழ நீளம் என்றும், மற்றொரு காலைக் கடலில் வைத்தார் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அங்கிருப்பது ஆதமின் கல்லறை என்று முஸ்லிம்களும், சாக்கியமுனியின் (புத்தரின்) நினைவிடம் என்று மற்றவர்களும் கூறுவதாக இரு தரப்பையும் பதிவு செய்கிறார்.

இந்த அடுக்கில் மிகவும் பயன்படுபவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்ற அவருடைய விருப்பத்தைக் கேட்டதும், ஆண்டுதோறும் அங்கே யாத்திரை போகும் யோகிகள் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் ஆட்கள் பத்துப் பேரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் துணைக்கு அனுப்பினார். தமிழ் மன்னர் ஒருவரின் உதவியுடன், யோகிகள் வழிகாட்ட, ஒரு முஸ்லிம் பயணி ஆதமின் சுவட்டைக் காணப் போயிருக்கிறார். மலையேற இரண்டு வழிகள் இருப்பதையும், செங்குத்தான பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் தொங்குவதையும், சுவட்டருகே பாறையில் குடைந்த ஒன்பது குழிகளில் யாத்திரிகர்கள் பொன்னும் மணியும் இடுவதையும் அவர் விவரிக்கிறார். ஆயினும் அவருடைய பயணநூல், அவர் மொரோக்கோவுக்குத் திரும்பிய பின்பு இப்னு ஜுஸய் என்பவரிடம் சொல்லி எழுதுவித்தது என்பதையும், அது 1355இல்தான் முடிக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. பதினோரு ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொன்ன அளவுகளையும் எண்ணிக்கைகளையும் அப்படியே நம்பவேண்டியதில்லை. எவரெவர் அங்கே போனார்கள் என்ற செய்தியை நம்பலாம், ஏனெனில் அதை அவர் மாற்றிச் சொல்லக் காரணம் எதுவும் தென்படவில்லை.

ஆண்டு வரிசையின் பயன் எங்கே வெளிப்படும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. சீதாவாக்கையை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட முதலாம் இராசசிங்கன் பௌத்தத்தைக் கைவிட்டுச் சைவனாகி, சுமனகூடத்தின் வருவாயைச் சைவத் துறவிகளுக்குக் கொடுத்துவிட்டதாக, மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் கூறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதை மீட்டுப் பிக்குகளிடம் ஒப்படைத்ததாகவும் அதுவே கூறுகிறது. இதை மட்டும் படிப்பவர், சைவர்கள் அந்த மலைக்கு வந்ததே சீதாவாக்கை மன்னனால்தான் என்று முடிவு கட்டக்கூடும். ஆனால் அந்த மன்னனுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே யோகிகள் ஆண்டுதோறும் மலையேறிக்கொண்டிருந்ததை இப்னு பதூதா காட்டுகிறார். மேலும், சூளவம்சத்தின் இந்தப் பகுதி கீர்த்தி ஸ்ரீயின் ஆட்சிக்காலத்திலேயே எழுதிச் சேர்க்கப்பட்டது. அதாவது மீட்டவரின் அவையை ஒட்டி எழுதியவர் இழந்த கதையைச் சொல்கிறார். சூளவம்சம் பொய் சொல்கிறது என்று இதற்குப் பொருளில்லை. கோயில் வருவாய் கைமாறியதற்கு அது சான்று. வழிபாடு எப்போது தொடங்கியது என்பதற்குச் சான்றன்று. நிர்வாக உரிமையும் வழிபடும் வழக்கமும் வேறு வேறு என்பதை ஆய்வாளர் ஒவ்வொரு கட்டத்திலும் தமக்கே நினைவூட்டிக்கொள்ள வேண்டும்.

வேதநூல்களில் இந்த இடம் வருகிறதா என்று பார்ப்பது எளிய வேலை. திருக்குர்ஆன் ஆதம் பூமிக்கு இறக்கப்பட்டதைக் கூறினாலும் எந்த மலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. சரந்தீபு பிற்கால மரபுகளின் வழியாகவே வருகிறது. ‘வேதத்தில் உள்ளது’ என்று எவர் எழுதினாலும் மூலத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

கல்வெட்டுகளுக்கு வருவோம். முதலாம் விசயபாகுவின் அம்பகமுவைக் கல்வெட்டு 11-12ஆம் நூற்றாண்டுகளில் அம்மலை யாத்திரை எவ்வாறு நடந்தது என்பதற்கு நேரடியான ஆவணம்; யாத்திரிகர்களுக்கு உணவளிக்கவும் வழிபாட்டை நடத்தவும் நிலங்களை ஒதுக்கியதை அது சொல்கிறது. அதே கல்வெட்டு, தாழ்ந்த குலத்தவராகக் கருதப்பட்டோர் வழிபடுவதற்காகக் கீழே தனியாக ஒரு மேடை கட்டப்பட்டதையும் சொல்கிறது. எல்லா மதத்தாரும் எல்லாக் குலத்தாரும் என்றென்றும் ஒன்றாக நின்று வணங்கிய மலை என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும்போது, இந்த வரியை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. கல்வெட்டைப் பற்றிய சுருக்கத்தோடு நின்றுவிடாமல், இலங்கைக் கல்வெட்டுத் தொகுதிகளில் வெளியான முழுப் பாடத்தையும் மொழிபெயர்ப்பையும் படிப்பவருக்கே இத்தகைய செய்திகள் கிட்டும்.

பல மொழிகளில் பொறித்த கல்வெட்டாக இருந்தால் எல்லா மொழிப் பகுதிகளையும் படிக்க வேண்டும். 1911இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனத்தில் புத்தரையும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும் போற்றி, ஏறக்குறைய ஒரே மாதிரியான காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. ஒரு மொழியை மட்டும் படித்த ஒருவர் மிங் பேரரசரை அந்த ஒரு தெய்வத்தின் அடியாராகவே கருதியிருப்பார்.

நிர்வாகம் பற்றிய கேள்விக்குச் சட்டங்களும் நீதிமன்ற ஆவணங்களுமே உறுதியான மூலங்கள். இதற்குப் புத்தகயா நல்ல பாடம். சைவ மடத்தின் தலைவரான மகந்துவின் பொறுப்பில் இருந்த மகாபோதிக் கோயிலுக்கு 1891இல் சென்ற இலங்கைப் பௌத்தச் சீர்திருத்தவாதி அநகாரிக தர்மபாலர், 1895இல் அங்கே ஒரு ஜப்பானியப் புத்தர் சிலையை வைக்க முயன்றதால் எழுந்த வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் 1949இல் இயற்றிய புத்தகயா கோயில் சட்டம் நான்கு இந்துக்களும் நான்கு பௌத்தர்களும் கொண்ட குழுவை அமைத்து, மாவட்ட ஆட்சியரைத் தலைவராக்கியது. ஆட்சியர் இந்து அல்லாதவராக இருந்தால் இந்து ஒருவரைத் தலைவராக நியமிக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2013ஆம் ஆண்டின் திருத்தம்தான் நீக்கியது. ‘இரு மதத்தாரும் சமமாக நிர்வகிக்கும் கோயில்’ என்று எழுதுவோர் அந்தச் சட்டப்பிரிவைப் படித்ததில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது. அந்தக் கோயில் 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அத்தகைய தலங்களுக்கு, பரிந்துரை ஆவணமும் வல்லுநர் மதிப்பீட்டு அறிக்கையும் யுனெஸ்கோ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எனினும் எந்தத் தகுதியின் பேரில் பட்டியலில் சேர்ந்தது என்று முதலில் பார்ப்பது நல்லது: சிவனொளிபாத மலையைச் சூழ்ந்த காடு 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் பகுதியாக, இயற்கைச் சிறப்புக்காகவே சேர்க்கப்பட்டது, அந்த ஆவணத்தின் அக்கறை காட்டின் உயிரினங்கள் மீதே தவிர யாத்திரிகர்கள் மீது அன்று.

எண்ணிக்கைகளைக் கையாளும்போது, எதை எண்ணினார்கள் என்று கேட்காமல் ஓர் எண்ணையும் எழுதக் கூடாது. ஸ்பெயினில் சந்தியாகப்பரின் கல்லறைத் தலமான சந்தியாகோ தே கொம்போஸ்தேலாவின் யாத்திரிகர் அலுவலகம் 2024இல் வழங்கிய சான்றிதழ்கள் ஏறத்தாழ 4,99,000. இவை குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்தோ 200 கிலோமீட்டர் மிதிவண்டியில் வந்தோ, அலுவலகத்துக்கு வந்து கேட்டுப் பெற்றவர்களின் கணக்கு. பேருந்தில் வந்து பேராலயத்தில் மண்டியிட்டவர் இதில் இல்லை. மேலும், சந்தியாகப்பரின் திருநாளான சூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டு அங்கே யூபிலி (சிறப்புப் புனித) ஆண்டாகக் கொண்டாடப்படுவதால், அந்த ஆண்டின் எண்ணை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு ‘பக்தி பெருகிவிட்டது’ என்று எழுதுவது பிழையாகும். ஹஜ் பயணத்தில் அனுமதிச்சீட்டு முறை இருப்பதால் சவூதி புள்ளிவிவரத் துறையின் 2024ஆம் ஆண்டு எண்ணான 18,33,164 நுட்பமானது. ஆனால் ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற அடிப்படையில் நாடுகளுக்கு ஒதுக்கீடு செய்யப்படுவதால், அது எத்தனை பேர் போக விரும்பினார்கள் என்பதைக் காட்டாது. 2025இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்கு அரசு அறிவித்த 66 கோடியோ கூட்டத்தை மதிப்பிட்டுச் சொன்ன எண். ஒருவரே பல நாள் நீராடினால் பலமுறை எண்ணப்பட்டிருப்பார். இம்மூன்றையும் ஒரே அட்டவணையில் இட்டு உலகின் பெரிய யாத்திரை எது என்று வரிசைப்படுத்தும் கட்டுரைகளை நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

நேரில் செல்வது இவற்றுக்குப் பிறகு. மக்கமாநகர் போல, மாற்று மதத்தார் நுழையக் கூடாத இடங்களில் ஆவணங்களோடும் சென்று வந்தவர்களின் சொற்களோடும் நின்றுவிட வேண்டும். மறைவாக நுழைந்து எழுதிய பழங்கால ஐரோப்பியர்களின் துணிச்சல் இன்று பின்பற்றத்தக்கதன்று. சிவனொளிபாத மலையில் யாத்திரைக் காலம் மார்கழியை ஒட்டிய உந்துவப் போயா (பௌர்ணமி) தினத்தில் தொடங்கி வெசாக் போயாவில் நிறைவடைகிறது. விடியற்காலையில் சூரியனையும் மலையின் முக்கோண நிழலையும் காண்பதற்காக இரவில் ஏறுவோரே மிகுதி. ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியிலிருந்து ஏறும் பாதை குறுகியது. இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை நீண்டது, பழமையானது, மரபு பேணுவோர் விரும்புவது. இரண்டிலும் ஏறிப் பார்த்தால் யாத்திரிகர்களின் வேறுபாடு புலப்படும். நல்லதண்ணிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர்களிடம் அந்த மலையைப் பற்றிய வாய்மொழி நினைவுகள் உண்டு. அவை நூல்களில் போதிய அளவு ஏறவில்லை என்பதால், தேநீர்க்கடைக்காரர்கள், சுமைதூக்குவோர், தோட்டத்து முதியவர்கள் ஆகியோரிடம் பொறுமையாகப் பேசுவது பயன் தரும். அனுமதி பெறாமல் ஒலிப்பதிவு செய்யக் கூடாது. வழிபாட்டில் இருப்பவரை இடைமறித்துக் கேள்வி கேட்பதும் கூடாது. பெயர்ப்பலகைகளில் எந்தெந்த மொழிகளில் எந்தெந்தப் பெயர் இருக்கிறது, எந்தச் சன்னிதியில் எவர் பூசை செய்கிறார், காணிக்கை உண்டியல் எவருடையது என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எழுத உட்காரும்போது வினைச்சொற்களில் கவனம் தேவை. ‘புத்தர் இங்கே பாதம் பதித்தார்’ என்று ஒரு பத்தியிலும் ‘ஆதமின் பாதம் என்று முஸ்லிம்கள் கருதுகிறார்கள்’ என்று அடுத்த பத்தியிலும் எழுதுபவர், தம்மை அறியாமலே தீர்ப்பு வழங்கிவிடுகிறார். ஒரு தரப்புக்கு ‘நம்புகிறார்கள்’ என்றால் எல்லாத் தரப்புக்கும் அதுவே. ஆண்டும் மூலமும் உள்ள செய்திக்கு மட்டும் ‘இருந்தது’, ‘நடந்தது’ என்ற நேர்வினை. நான்கு தரப்புகளையும் எந்த வரிசையில் வைப்பது என்ற சங்கடத்துக்கும் ஆண்டு வரிசையே விடை தருகிறது: பழமையான பதிவு எதுவோ அது முதலில் வரட்டும், எந்தப் பதிவு இதுவரை கிடைத்தவற்றுள் பழமையானது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் படிப்பவர் அதைச் சரிபார்த்துக்கொள்ளவும், மேலும் பழமையான ஒன்று கிடைத்தால் வரிசையை மாற்றிக்கொள்ளவும் இயலும்.